சின்னம்மா தலைக்குள் மூன்று கட்டி

எங்கள் சொந்தபந்தத்தில் கேன்சர் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதிலும் "மூளைக்கு ஏறிடுச்சாம்" என்று வந்துவிட்டால் அது பாதி துக்கச் செய்தி. போனை வைத்த கையோடு எப்போது லீவு போட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். மார்பில் வந்த நோய் சின்னம்மாவுக்கு மூளைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்த வாரம், மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து கோப்பி கலக்க முடியாமல் நாற்காலியில் இருந்தபடியே சின்னம்மா, "நான் இன்னும் சாகலலா, எல்லாரும் பசியாறிட்டுப் போங்க" என்றார்.

நான் டாக்டர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு பழுது வந்தால் எங்கிருந்து வந்தது, எத்தனை, எவ்வளவு பெரிசு என்று கேட்டுப் பழகிய புத்தி. அதே கேள்விகளைத்தான் மூளைக்குப் பரவிய கேன்சரிலும் கேட்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. "மூளைக்குப் போய்விட்டது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் சில வாரங்கள் மட்டுமே உள்ளவர்களும் இருக்கிறார்கள், பல வருஷம் வேலைக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது: "அப்போ இப்ப மூளை கேன்சரா?" இல்லை. சின்னம்மாவின் தலைக்குள் இருந்தது மார்பிலிருந்து போன செல்கள். எடுத்துப் பரிசோதித்தாலும் அது மார்பகப் புற்றுநோயாகத்தான் தெரியும், மருந்தும் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். பெரியவர்களுக்கு மூளையிலேயே தொடங்கும் கட்டியைவிட இப்படி வேறு இடத்திலிருந்து வந்து தங்கும் கட்டிதான் அதிகம். அனுப்புகிறவர்களில் முதல் இடம் நுரையீரலுக்கு. அடுத்து மார்பகம், பிறகு மெலனோமா என்ற தோல் புற்றுநோய், சிறுநீரகம், குடல்.

நுரையீரல் ஏன் முதலில் என்பதற்கு ரத்த ஓட்டத்திலேயே விடை இருக்கிறது. மார்பிலிருந்தோ குடலிலிருந்தோ பிய்ந்துபோன ஒரு செல், இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலின் மெல்லிய குழாய்களில் நுழைந்து, அங்கே சிக்கிக்கொள்ளாமல் தப்பினால்தான் இடப்பக்கம் போய் மூளைக்கு ஏற முடியும். நுரையீரலில் பிறந்த செல்லுக்கு அந்தச் சல்லடையே கிடையாது. நேராக இடப்பக்க இதயம், அங்கிருந்து கழுத்து வழியாக மேலே. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதனால் வந்து சேரும் செல்களும் அதிகம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் கட்டிகளும் வருகின்றன: சுமார் 80 சதவீதம் பெருமூளையில், 15 சிறுமூளையில், 5 மூளைத்தண்டில். குறிப்பாக மேற்பரப்பின் சாம்பல் பகுதியும் உள்ளே வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையில் குழாய்கள் திடீரென்று ஒடுங்குகின்றன, செல்கள் அங்கே மாட்டிக்கொள்கின்றன.

மாட்டிக்கொண்டால் மட்டும் வளர்ந்துவிடாது என்பதுதான் இதில் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்த விஷயம். ரத்தத்தில் இறங்கும் கேன்சர் செல்களில் மிகப் பெரும்பான்மை செத்துப்போகின்றன. 1889-ல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் போகத்தான் செய்கிறது, ஆனால் கல்லீரலில் கட்டி ஏகப்பட்டது, மண்ணீரலில் அபூர்வம். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதியது இன்றுவரை நிற்கிறது. மூளை என்ற மண்ணில் முளைக்க ஒரு செல் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. 1885-ல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது உடம்பு முழுக்கச் சாயம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. அந்தச் சுவரைக் கரைத்து உள்ளே போய், குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிப் படர்ந்து, மூளைக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களோடு நட்புப் பிடித்து, பிறகுதான் வளர்ச்சி. பல செல்கள் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு எழுகின்றன. சின்னம்மாவுக்கும் மார்பு அறுவை முடிந்து நல்ல இடைவெளி விட்டுத்தான் இது வந்தது.

அப்புறம் அந்தச் சுவரால் இன்னொரு சங்கடமும் உண்டு. செல்லுக்கு வழிவிட்ட சுவர் மருந்துக்கு வழிவிடுவதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறிக்கு வருகிறேன். சின்னம்மாவுக்கு முதலில் வந்தது காலை வாந்தி. தலைவலியும் எழுந்தவுடன்தான் அதிகம், பத்து மணிக்கெல்லாம் குறைந்துவிடும். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்தார்கள். நம் ஊரில் கழுத்துக்குக் கீழே எது வந்தாலும் கேஸ்ட்ரிக், மேலே வந்தால் பனடால். பிறகு நடை மாறியது. சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும்போது ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார், கேட்டால் சிலிப்பர் வழுக்குது என்றார். பெரிய கட்டி சிறுமூளையில் இருந்தது, நடையின் சமநிலை அங்கேதான். அந்தப் பெரியது பெருமூளையில் இருந்திருந்தால் ஒரு கை பலமிழப்பதோ, வலிப்போ, பேசும்போது சொல் கிடைக்காமல் திணறுவதோ, குணமே மாறிப்போவதோ வந்திருக்கலாம். ஏற்கெனவே கேன்சர் வந்தவருக்கு இந்த மாதிரிப் புதிதாக ஏதாவது வந்தால், அது முடிந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, கிளினிக்கில் "எனக்கு முன்பு கேன்சர் இருந்தது" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சின்னம்மா சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சிடி ஸ்கேனில் பெரியது மட்டும் தெரிந்தது. சிறியவற்றைப் பார்க்க எம்ஆர்ஐதான் வேண்டும், அதுவும் காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி. உடம்பில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியை சித்தப்பா தானே கழற்றி, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூக்குத்தி மட்டும் வரவே இல்லை. பதினாறு வயதில் குத்தியது, திருகு இறுகிப்போயிருந்தது. ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) எங்கிருந்தோ எண்ணெய் கொண்டுவந்து தடவி, கையுறை மாட்டிய விரலை மூக்குக்குள் விட்டு, "சாகிட் தா, மாக்சிக்?" (வலிக்குதா, அம்மா?) என்று கேட்டுக் கேட்டுத் திருகி எடுத்தார். மூக்குத்தி போட்டிருப்பவர்கள் முதல் நாளே வீட்டில் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது, அந்த ஒரு வேலைக்கே அரை மணி நேரம் போனது.

மூன்று கட்டி. சிறுமூளையில் 3 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்று, மேலே இரண்டு சின்னது. டாக்டர் சீனர், சின்னம்மாவிடம் மலாயிலேயே பொறுமையாக விளக்கினார். மண்டை ஓட்டின் பின்பகுதி இடம் குறைந்த அறை, அங்கே கட்டி வீங்கினால் மூளை நீர் வடியும் வழி அடைபடும், அதனால் பெரியதை வெட்டி எடுப்போம், சிறியவற்றுக்கு ரேடியேஷன் என்றார்.

அதற்கு முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இந்த மாத்திரையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் தினமும் மல்லுக்கட்டுவது இதோடுதான். இது கட்டியைக் கொல்லாது, கட்டியைச் சுற்றியுள்ள நீர்வீக்கத்தை வற்ற வைக்கும். ஓரிரு நாளில் வாந்தி நின்று, தலைவலி போய், சின்னம்மா எழுந்து நின்று "எனக்கு ஆப்பரேஷனே வேண்டாம், சரியாயிடுச்சு" என்று சொல்லும் அளவுக்கு வேலை செய்தது. விலை வேறு விதத்தில் வந்தது. ராத்திரி மூன்று மணிக்குப் பசி, பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம், தூக்கமில்லை, முகம் உப்பல், கோபம். சர்க்கரை ஏறியது. 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது, நம் வீடுகளைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு இந்த மாத்திரை கொடுத்தால் மீட்டர் கையிலேயே இருக்க வேண்டும். கடைசி வேளையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டு மாற்றினோம், தூக்கம் கொஞ்சம் திரும்பியது. நீண்ட நாள் எடுத்தால் தொடைத் தசை இளைத்து நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டிவரும், அது நோய் முற்றியதால் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும்: சர்க்கரை ஏறுகிறதே என்று நீங்களாகப் பட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தி வைத்திருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அறுவைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், 1990-ல் அமெரிக்காவில் பேட்செல் குழுவினர் 48 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. மூளையில் ஒரே ஒரு கட்டி உள்ளவர்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்கள் நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதைவிட அதிகம், பாதிப் பேர் குறைவு) 15 வாரம் இருந்தார்கள், கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷன் பெற்றவர்கள் 40 வாரம். அதற்குமுன் மூளைக்குப் போனால் கத்தி வைத்து என்ன பயன் என்ற எண்ணம்தான் பலருக்கு. இன்றைய கணக்கில் 40 வாரம் பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் கதவு திறந்தது அங்கேதான்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பும் வழியில் பினாங்குப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் கார் தட்டும்போது பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். மீதி இரண்டுக்கும், எடுத்த இடத்தில் இருந்த குழிக்கும் ரேடியோசர்ஜரி. பேரில் சர்ஜரி இருப்பதைப் பார்த்துவிட்டு சித்தப்பா மறுபடி தலையைத் திறப்பார்களோ என்று பயந்துபோனார். கத்தியே கிடையாது. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951-ல் முன்வைத்த யோசனை, 1968-ல் முதல் காமா நைஃப் கருவி வந்தது: ஒவ்வொரு கதிரும் தனியாகப் பலவீனமானது, ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் வந்து ஒரே புள்ளியில் சேரும்போது அங்கே மட்டும் பலமான டோஸ் விழும். சாதாரண ரேடியேஷன் இயந்திரத்தின் நவீன வகையிலும் இதைச் செய்யலாம். பினாங்கில் கேன்சர் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பெட்டீஸ் பார்க்கில் இருக்கிற மவுண்ட் மிரியம்தான், தீவில் வேறு இடங்களிலும் ரேடியேஷன் இருக்கிறது. ஆனால் மூளைக்கு இந்த நுணுக்கமான வகை செய்கிறார்களா என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகமூடி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் வலைத்தகடு, வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் துணி மாதிரித் தொய்ந்துவிடுகிறது. அதை எடுத்து முகத்தில் விரித்து, மூக்கையும் தாடையையும் விரலால் அழுத்தி உருவம் பிடித்தார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. பொட்டை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சிகிச்சை அன்று அதைப் போட்டுப் படுக்கையோடு பூட்டிவிடுவார்கள், தலை ஒரு மில்லிமீட்டர் நகரக் கூடாது. வலி இல்லை. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். "வாயைத் திறக்க முடியலடா தம்பி, அதுதான் கஷ்டம்" என்றார். நம்புகிறேன்.

முழு மூளைக்கும் ரேடியேஷன் கொடுப்பது பழைய வழி, வழக்கமாக 10 தவணையில் மொத்தம் 30 கிரே (கதிர் டோஸின் அளவு). கட்டிகள் எண்ண முடியாதபடி சிதறியிருந்தால், அல்லது நுரையீரலின் ஸ்மால் செல் வகை என்றால், இன்றும் அதுதான். ஆனால் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த காலம் போய்விட்டது. 2009-ல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு ஒன்றைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள், ஏனென்றால் ரேடியோசர்ஜரியோடு முழு மூளை ரேடியேஷனும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நான்காம் மாதமே புதிதாகக் கற்பதிலும் நினைவிலும் சரிவு, ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான். 2014-ல் வெளியான, ஜப்பானில் 1194 பேரைப் பார்த்த ஆய்வு, ரேடியோசர்ஜரிக்குப் பிறகு 5 முதல் 10 கட்டி உள்ளவர்கள் 2 முதல் 4 உள்ளவர்களைவிட மோசமாக வாழவில்லை என்று காட்டியது. அதனால் "மூன்று கட்டியா, அப்போ முழு மூளைக்கும் கொடுத்துடுவாங்க" என்று யாராவது சொன்னால், ஏன் என்று டாக்டரைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முழு மூளைக்கும்தான் வேண்டும் என்றால், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கிக் கொடுக்க முடியுமா, மெமான்டின் மாத்திரை உதவுமா என்று கேட்கலாம். 2020-ல் வந்த ஆய்வு இரண்டும் சேர்ந்தால் சரிவு குறையும் என்றது. மறுபக்கமும் உண்டு. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவி, அறுவைக்கோ ரேடியோசர்ஜரிக்கோ ஏற்றவர்கள் இல்லை என்ற நிலையில் இருந்த 538 பேரிடம் 2016-ல் வெளியான ஆய்வில், முழு மூளை ரேடியேஷன் பெற்றவர்களுக்கும் டெக்ஸாமெத்தசோனும் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களுக்கும் ஆயுளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரொம்பத் தளர்ந்துபோன ஒருவரைத் தினமும் காரில் ஏற்றி இறக்குவதைவிட வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியான முடிவாக இருக்கலாம். அப்படி முடிவெடுத்த குடும்பத்தை "ஒண்ணும் செய்யாம விட்டுட்டாங்க" என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அந்தச் சுவர். சின்னம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ் வகை, அதாவது கேன்சர் செல்லில் ஹெர்2 என்ற புரதம் அதிகம். இதற்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி 1998-லிருந்து இருக்கிறது, உடம்பு முழுக்க நோயைக் கட்டிப்போடும், ஆனால் அது பெரிய மூலக்கூறு, மூளைச் சுவரைத் தாண்டுவது மிகக் கொஞ்சம். கழுத்துக்குக் கீழே ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போதே தலைக்குள் கட்டி வளர்ந்த கதை இதுதான். இதற்காகச் சிறிய மூலக்கூறு மருந்துகள் வந்தன. டுகாடினிப் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2020-ல் வெளியானபோது நான் ஆச்சரியப்பட்டது முடிவைவிட ஆள் சேர்த்த விதத்தில்: 612 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மூளையில் கட்டி இருந்தது. அதற்குமுன் பெரும்பாலான மருந்து ஆய்வுகள் மூளைக்குப் பரவியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்த மூளைக்கட்டி உள்ளவர்களில், மாத்திரை சேர்த்துப் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு ஒரு வருஷம் ஆகியும் நோய் வளரவில்லை. பெறாதவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. நுரையீரலிலும் இதே கதை. ஆசியாவில், சிகரெட்டையே தொடாதவர்களுக்கு வரும் அடினோகார்சினோமா வகையில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் மிகச் சகஜம், ஓசிமெர்டினிப் மாத்திரை மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும். எனவே எந்த உறுப்பு என்பதோடு நிறுத்தாமல் எந்த மரபணு வகை என்று பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா மூளைக்குப் பரவி நான்கு புள்ளிகள் இருந்தன, வயது 90. ரேடியேஷனும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மேல் திருப்பிவிடும் மருந்து) கொடுத்தார்கள், அதே டிசம்பரில் ஸ்கேனில் புள்ளிகள் இல்லை, 2024 டிசம்பரில் 100 வயதில்தான் இறந்தார். எல்லாருக்கும் இப்படி நடக்காது, நடப்பவர்கள் குறைவு. ஆனால் பட்டர்வொர்த் ஹாலில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த மாமா ஒருவருக்கு இதைச் சொன்னதும் அவர் முதன்முறையாகப் பலகாரத்தை எடுத்துக் கடித்தார்.

வந்தவர்கள் கொண்டுவந்த மூலிகைகளைத் தனி அலமாரியில் வைத்தோம். சபா பாம்புப் புல், துரியான் பெலாண்டா இலை, யாரோ ஒருவர் ஈப்போவிலிருந்து ஒரு தூள். கொண்டுவந்தவர் அன்பை மறுக்கவில்லை, ஆனால் மாத்திரையும் கஷாயமும் ஒரே கல்லீரலில்தான் போய் இறங்குகின்றன. பட்டியல் எழுதி டாக்டரிடம் காட்டினோம், அவர் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றார், அலமாரி மூடியே கிடக்கிறது.

அடுத்து ஒரு பயம், ஸ்கேன் பயம். ரேடியோசர்ஜரிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. ஒரு தடவை, மேலே இருந்த சின்னப் புள்ளி ஒன்று பெரிதாகிச் சுற்றிலும் வீங்கித் தெரிந்தது. எல்லாரும் உடைந்துபோனோம். டாக்டர் மட்டும் அவசரப்படவில்லை. பலமான கதிர் பட்ட இடத்தில் திசு செத்து வீங்கும், ரேடியேஷன் நெக்ரோசிஸ், மாதங்கள் கழித்தும் வரலாம், ஸ்கேனில் கேன்சர் மாதிரியே ஒளிரும். கொஞ்ச நாள் டெக்ஸா கொடுத்து மறுபடி பார்த்ததில் சுருங்கியிருந்தது. அடங்காவிட்டால் பெவாசிசுமாப் என்ற ஊசி இருக்கிறது என்றார். "திரும்ப வந்துடுச்சா" என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் முன் இந்தக் கேள்வியை ஒருமுறை கேளுங்கள்.

சின்னம்மா இப்போது நடக்கிறார், சுவரைத் தொடாமல். மோட்டார் ஓட்ட விடவில்லை, அதில் தினமும் சண்டை.

கடைசியாகக் காசு விஷயம், யாரும் சொல்லித்தராதது. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைச் செலவு சமாளிக்கக்கூடியது, ஆனால் மேலே சொன்ன புது மாத்திரைகளை வெளியில் வாங்க வேண்டிவந்தால் மாதம் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). சித்தப்பா முதலில் போனது அடகுக்கடைக்கு. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் கடும் நோய்ச் சிகிச்சைக்கென்று பணம் எடுக்க வழி இருக்கிறது, 2024 மே மாதம் கணக்குகளை மூன்றாகப் பிரித்த பிறகு அது செஜாத்திரா என்ற கணக்கிலிருந்து, கணவன் மனைவிக்காகவும் எடுக்கலாம். வேலையில் இருந்தவருக்கு இனி வேலை செய்ய முடியாது என்றால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம், ஆனால் சந்தா கட்டிய காலம், வயது என்று நிபந்தனைகள் உண்டு. இரண்டுக்கும் டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பாரம் வேண்டும். டாக்டரைப் பார்க்கும் அன்று பாரத்தைக் கையிலேயே எடுத்துப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.